இறக்கையில் ஒட்டிய பட்டுநூல்

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண் நதியாவுக்குப் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. விமான இறக்கையின்மேல் துண்டு நூல்களை ஒட்டி, காற்றைச் சீறவிட்டுப் படம் பிடிப்பாள். காற்று இறக்கையைவிட்டுப் பிரிந்தால் அங்கே நூல் தாறுமாறாகத் துடிக்கும். பிரிந்தால் விமானம் விழும்.

அன்று நூல் தீர்ந்துபோக, வீட்டிலிருந்த பட்டுநூலை ஒட்டியிருந்தாள். காற்று பிரியட்டும் என்று இறக்கையை எவ்வளவு நிமிர்த்தியும் படத்தில் ஒரு நூல்கூடத் துடிக்கவில்லை. பேராசிரியர் சீனிவாசனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பிரமாதம்மா! நாளைக்கே இந்த இறக்கையை விமானத்துல மாட்டி நானே ஏறிப் பறக்கப்போறேன்!"

நதியா படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். மிச்ச நூலை விரலால் வளைத்தாள். வளையவில்லை, குச்சியாக விறைத்திருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுக்காக அம்மா கஞ்சி போட்டுக் காயவைத்த நூல்!

"ஏறாதீங்க சார்!" என்று கத்தினாள். "நூலைப் புடிச்சுக்கினு இருக்கிறது காத்து இல்ல, எங்கம்மா போட்ட கஞ்சி!"