எலியோதோரோவின் இடது கை

எலியோதோரோ பராகானின் சைலன்சர் பட்டறையும் என் பஞ்சர் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். பதினேழு வருடமாக அவன் சுத்தியல் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. மெக்ஸிகோ நகரத்தில் வண்டி வைத்திருப்பவன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சோதனைக்குப் போய் ஸ்டிக்கர் வாங்கி வர வேண்டும். இதனால் இரண்டு தொழில்கள் செழித்தன. வண்டியைத் தேற வைப்பது ஒன்று, தேறியதாக எழுத வைப்பது மற்றொன்று. எலியோதோரோ முதல் தொழில்காரன். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதியிருந்தான்: ‘இங்கே குறுக்கு வழி கிடையாது. கழற்றிய பழைய உதிரிகள் உங்கள் கண்ணெதிரே காட்டப்படும்.’ முதல் வரி பாதி வாடிக்கையாளரை விரட்டுகிறது, இரண்டாவது வரி மீதிப் பேரைச் சந்தேகப்பட வைக்கிறது என்பது அவன் மனைவி ஒப்துலியாவின் கருத்து.

மார்ச் மாதம் ஒரு நாள் சந்தன நிறத்தில் பெரிய ஜெர்மன் கார் ஒன்று வந்து நின்றது. இருபது வயதைத் தாண்டிய வண்டி. தோல் இருக்கைகள் இன்னும் பளபளத்தன, பின்னால் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. இறங்கியவர் எவாரிஸ்தோ லாந்தேரோஸ், எழுபத்து நான்கு வயது, அரசாங்கத்தில் சட்ட அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டுப் பையில் கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார். வண்டி இரண்டு முறை சோதனையில் தோற்றுவிட்டது, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஒரு பட்டறையில் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார்களாம்.

“எனக்கு ரிப்பேர் வேணாம் மேஸ்திரி. பாஸ் ஆகணும், அவ்வளவுதான். எனக்குன்னு அங்க ஒரு ஆள் இருந்தான், இப்ப இல்ல. உங்களுக்குன்னு ஒரு ஆள் இருப்பான்ல?”

எலியோதோரோ சுவரைக் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“தெளிவா எழுதியிருக்கீங்க. இந்தச் சோதனை விதியை எழுதினப்போ நானும் கூட இருந்தேன். அது இவ்வளவு தெளிவா அமையல” என்றார். வேறு வழி இல்லாததால் வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். கன்வெர்ட்டர் என்பார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி துளைத்துளையாகப் பீங்கான், அதன்மேல் விலை உயர்ந்த உலோகப் பூச்சு. நச்சுப் புகை அந்தத் துளைகள் வழியே போகும்போது எரிந்து சுத்தமாகும். இந்த வண்டிக்கு எட்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கன்வெர்ட்டர். சோதனையில் தோற்றால் கன்வெர்ட்டரை மாற்று என்பதுதான் ஊர் வழக்கம். எலியோதோரோ அப்படிச் செய்ய மாட்டான். கன்வெர்ட்டர் தானாகச் சாகாது, யாரோ கொன்றிருக்க வேண்டும், கொன்றவனைப் பிடிக்காமல் புதிதாக ஒன்றை மாட்டினால் அதையும் அவனுக்கே பலி கொடுப்போம் என்பான்.

எஞ்சினைச் சூடேற்றிவிட்டு வெப்பம் காட்டும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். வேலை செய்கிற கன்வெர்ட்டரில் புகை நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் சூடாக இருக்கும். வலது பக்கம் நுழைகிற இடத்தில் கொதித்தது, வெளியேறும் இடம் அதில் பாதிகூட இல்லை. எஞ்சினின் உறிஞ்சும் பலத்தை அளக்கும் மீட்டரை மாட்டி வேகத்தைக் கூட்டியபோது முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. புகை போக வழியில்லாமல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கல் உருளும் சத்தம். கொலைகாரன் சீக்கிரமே அகப்பட்டான். வலப்பக்கத்தில் இரண்டு ப்ளக் வயர்கள் வெடித்திருந்தன. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, பீங்கானை உருக்கிவிட்டது. ப்ளக்குகளையும் வயர்களையும் மாற்றியதும் எஞ்சின் பூனை மாதிரி அமைதியாகிவிட்டது.

இடது பக்கம்தான் புதிராக இருந்தது. தட்டினால் காலிக் குடம் மாதிரி ஓசை. கழற்றி மேஜையில் வைத்துத் திருப்பினான். கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத மேல்புறத்தில் மூன்று பக்கம் அறுத்து, மூடிபோலத் திறந்து, உள்ளே இருந்ததைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, மறுபடி மூடிப் பற்றவைத்திருந்தார்கள். கறுப்புப் பெயிண்ட் வேறு.

இரவல் வாங்கிய ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது அவன் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒப்துலியா பச்சை மிளகாய்ச் சாந்து போட்ட தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டை கொண்டுவந்து வைத்தாள்.

“என்ன கிழவா, பேயைப் பார்த்த மாதிரி இருக்க?”

“என் கையெழுத்தைப் பார்த்தேன்” என்றான்.

எலியோதோரோ இடது கைக்காரன். அவன் பற்றவைத்தால் உலோகத் திவலைகள் எல்லாரும் வைப்பதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து படியும். அந்தப் பெட்டியின் விளிம்பு முழுக்க அப்படித்தான் சாய்ந்திருந்தது. பதினெட்டு வருடம் முன்பு அவன் ப்ரிமிதிவோ என்பவரின் பட்டறையில் வேலை பார்த்தான். ப்ரிமிதிவோ இப்போது உயிரோடு இல்லை. அங்கே கன்வெர்ட்டரைக் குடைந்து பீங்கானைக் கிலோக் கணக்கில் விற்பார்கள், குடைபவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைச் சேர்த்துத்தான் சொந்தமாக வெல்டிங் மெஷின் வாங்கினான், நாணயமான பட்டறை என்று பேரெடுத்ததும் அந்த மெஷினால்தான். இதையெல்லாம் அவன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஒப்துலியா காரியக்காரி. “வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான். தூக்கிப் போட்டுரு. யாருக்குத் தெரியப் போகுது?”

“சுவர்ல எழுதி வச்சிருக்கேனே.”

“சுவருக்கு வெள்ளை அடிச்சாப் போச்சு.”

வெள்ளிக்கிழமை இரும்புக்காரன் வந்தான், போனான். பெட்டி மேஜைக்கு அடியிலேயே இருந்தது. இதற்கிடையில் எலியோதோரோ இரண்டு புதிய கன்வெர்ட்டர்களை வாங்கி, குழாய் அளவுக்கு அறுத்து, புதிய போல்ட் போட்டு மாட்டினான். வழக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே பற்றவைப்பவன் அந்த வாரம் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை லாந்தேரோஸ் வந்தார். நானும் கடையை விட்டு எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சட்டம் படித்தவர் அல்லவா, சுவரில் உள்ளபடி பழைய உதிரிகளைக் காட்டச் சொன்னார். எலியோதோரோ வலது பெட்டியை அறுத்துக் காட்டினான். உருகிய பீங்கான் கருகிய ரொட்டி மாதிரி இருந்தது. அப்புறம் இடது பெட்டியை அவர் முன்னால் வைத்தான்.

“வக்கீலய்யா, இதைக் குடைஞ்சவன் நான்தான். பதினெட்டு வருஷம் ஆச்சு. உங்க வண்டின்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பேன்.”

லாந்தேரோஸ் பற்றவைத்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“ப்ரிமிதிவோ பட்டறையா?”

“ஆமாங்க.”

“நான்தான் குடையச் சொன்னேன். வண்டி மேடு ஏறல, கன்வெர்ட்டரை எடுத்துட்டா பறக்கும்னு யாரோ சொன்னாங்க. காசும் குடுத்தேன்.” நிறுத்தி, மறுபடி வலது பெட்டியைப் பார்த்தார். “ஆனா ரெண்டையும்ல குடையச் சொன்னேன். இது ஏன் அப்படியே இருந்துச்சு?”

எலியோதோரோ யோசித்தான். முகம் சிவந்தது. வலப்பக்கத்து போல்ட் துருவேறி அசையவில்லை, சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டது, இரண்டுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்து வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டான். அதை இப்போது ஒப்புக்கொண்டான்.

அதுவரை அமைதியாக இருந்த லாந்தேரோஸுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. செய்த குற்றத்துக்காக இல்லை, செய்யாமல் விட்ட பாதிக்காக. “அப்போ இத்தனை வருஷம் என் வண்டி பாதி சட்டப்படி ஓடியிருக்கு. எனக்கே தெரியாம” என்றார், யாரோ தன் பெயரில் தர்மம் செய்துவிட்ட மாதிரி. ஒப்துலியா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். கன்வெர்ட்டரை எடுத்ததும் வண்டி பறந்ததா என்று நான் கேட்டேன். இல்லையாம். பெட்ரோல் ஃபில்டர்தான் அடைத்திருந்தது என்று அடுத்த மாதம் வேறொருவர் கண்டுபிடித்தாராம்.

விதி எழுதியவரே அதை மீறலாமா என்று எலியோதோரோ தயங்கித் தயங்கிக் கேட்டான். “விதி நகரத்துக்கு. வண்டி என்னோடது” என்றார் அவர், அதில் முரண் ஏதும் தெரியாதவராக.

திங்கட்கிழமை இருவரும் சோதனைக்குப் போனார்கள். கன்வெர்ட்டர் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால் எலியோதோரோ அரை மணி நேரம் சுற்று வழியில் ஓட்டிக்கொண்டு போனான். வண்டி முதல் தடவையிலேயே தேறியது. புகை அளவுகள் அனுமதித்ததில் கால்வாசிகூட இல்லை. ஜன்னலில் இருந்த பெண் ஆவணங்களைத் திருப்பித் தரும்போது, “ஐயா, உங்க பேப்பருக்குள்ள இது மாட்டிக்கிட்டு இருக்கு” என்று ஐந்நூறு பெசோ நோட்டு ஒன்றையும் சேர்த்து நீட்டினாள். பல வருடப் பழக்கத்தில் லாந்தேரோஸின் கை அதுவாக வைத்துவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் எலியோதோரோ ஒன்றைச் சேர்த்துக்கொள்வான்: தோற்றபோதுகூட அந்த மனுஷன் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு லாந்தேரோஸின் பழைய அலுவலக நண்பர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். எல்லாம் பெரிய, பழைய வண்டிகள். முதல் நான்கில் மூன்று காலி. எலியோதோரோ பெட்டியைக் கழற்றியதும் முதலில் மேல்புறத்தைத் தடவிப் பார்க்கிறான். இரண்டு வேறு யாருடைய வேலையோ. மூன்றாவது ஒரு பல் டாக்டரின் வண்டி. டாக்டரின் சகோதரர் அந்த அலுவலகத்தில் இருந்தபோது வாங்கி, பின்னால் இவருக்கு விற்றது. அதன் திவலைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. எலியோதோரோ தெருவில் வைத்தே உண்மையைச் சொன்னான், கூலி வேண்டாம் என்றும் சொன்னான். டாக்டருக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. இந்தத் தெருவில் கேட்காத வார்த்தைகளையெல்லாம் கேட்க வைத்தார். என் கடையில் டியூப் மாற்றிக்கொண்டிருந்தவன்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். எலியோதோரோ தலை குனியாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியில் டாக்டர் டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

வண்டியை மட்டும் இங்கேயே விட்டிருக்கிறார். வியாழக்கிழமை தயாராகிவிடும்.