நாத்தனார் முடிச்சின் மேல் புகை

வீடியோவில் இல்லாத பனியையும் மழையையும் புகையையும் சேர்ப்பது என் தொழில். தென்னூர் வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர். சித்திரை வெயிலில் முக்கொம்பில் எடுத்த ஜோடியை ஊட்டிப் பனிக்குள் நிறுத்திக் கொடுப்பேன். நெற்றியில் வழியும் வியர்வையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

தம்பியின் கல்யாணம் திருவானைக்காவலில் நடந்தது. அப்போது நான் புருஷனை விட்டு வந்து அம்மாவோடு இருந்தேன், கோர்ட்டில் வழக்கு. தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். சித்தி பெண்ணைக் கூப்பிடலாமே என்று அம்மா இழுத்தாள். "எங்க அக்காதான் போடணும்" என்று தம்பி ஒரே பிடியாக நின்றான். போட்டேன். அப்போது நான் சிரித்தேன் என்பது வீடியோவைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

அந்த வீடியோவையும் நான்தான் எடிட் செய்தேன். பெண் வீட்டுக்கு அனுப்பும் முன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த இடத்துல உன் முகம் தெரியாம பண்ணிடேன். அவங்க சொந்தக்காரங்கல்லாம் பார்ப்பாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா உன்னத்தான் சொல்லுவாங்க."

"வெட்டிடட்டுமா?"

"முடிச்சு போடறத எப்படி வெட்டுறது? புகை கிகை போட்டு..."

என் தொழில் அம்மாவுக்குப் புரிந்த முதல் நாள் அது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் வேலை என்று வந்தால் அரைகுறையாகச் செய்ய வராது. ஹோமப் புகையை இன்னொரு அடுக்காகச் சேர்த்தேன். மேடை ஃபேன் இடப்பக்கம் அடித்ததால் புகையையும் அந்தப் பக்கமே சாய்த்தேன். பின்னால் இருந்த வாழைமரத்தையும் கொஞ்சம் மங்கலாக்கினேன். என் கைகள் மட்டும் தெளிவாக இருந்தன. தம்பி கண்டுபிடித்து வீட்டையே இரண்டாக்குவான் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டிவியில் பார்த்தோம். "சூப்பரா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுத் தம்பி அடுத்த வடையை எடுத்தான். அவன் மனைவிதான் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டினாள்.

"அண்ணி, உங்க கைதான தெரியுது, முகம் எங்க? முடிச்சு போட்டுட்டு என்னைப் பார்த்து சிரிச்சீங்களே. எங்க அம்மாகிட்ட அதைக் காட்டணும்னு இருந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். உண்மை வாய் வரை வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அம்மா அந்தப் பெண்ணின் முன்னால் தலை குனிந்து உட்கார வேண்டியிருக்கும்.

"அன்னிக்குப் புகை ஜாஸ்திம்மா" என்று தம்பி மனைவியிடம் சொன்னேன்.

அவள் நம்பிவிட்டாள். என் வேலை அவ்வளவு நன்றாக இருந்தது.