ஊர்வலத்தில் நான் கட்டிய துண்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாத மழையில் நடந்தது இது. அப்போது நான் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் இடுக்கி மலையில் சாந்தன்பாறைப் பக்கம், ஏலக்காய்த் தோட்டம். அம்மா அங்கே காய் எடுக்கப் போகிறவள். எஸ்டேட் லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றுதான் எங்களுடையது. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அப்படிப்பட்ட இடத்தில் ரகசியம் என்று ஒன்றை வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. எனக்குப் பெண்கள் மேல்தான் விருப்பம் வருகிறது என்பது பள்ளிக்கூடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விடுதியில் என் அறைத்தோழியிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தேன். அவள் கொல்லங்கோட்டுக்காரி. நான் அழுது மூக்கைச் சிந்திச் சொல்லி முடித்ததும், "அதுக்கென்ன இப்ப? சோறு தீந்துபோயிரும், வா புள்ள" என்று மெஸ்ஸுக்கு இழுத்துப் போனாள்.

அந்த வருடம்தான் எங்கள் கல்லூரியில் முதல்முறையாகப் பிரைடு ஊர்வலம் நடத்த அனுமதி கிடைத்தது. என்னைப் போன்றவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், எங்களுக்கு வேண்டியவர்கள் எல்லாரும் வானவில் கொடி பிடித்து நூலகத்திலிருந்து வாசல் கேட் வரைக்கும் போவதாக ஏற்பாடு. போகவேண்டும் என்று மனசு துடித்தது. ஆனால் நான் பிறவிக் கோழை. அட்டை கடித்தால்கூட அலறாமல் ஓரமாக உட்கார்ந்து அழுகிற ரகம்.

"மூஞ்சி தெரிஞ்சாத்தான வம்பு? மூடிக்கிட்டு வா" என்றாள் தோழி.

அது நல்ல யோசனையாகப் பட்டது. பெட்டியில் கிடந்த துண்டை எடுத்தேன். நெற்றியை இறுக்கி, காதை மூடி, மூக்கு வரை சுற்றி, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டேன். கண் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கை தானாகக் கட்டியது. எங்கே கற்ற கட்டு என்று அப்போது யோசிக்கவில்லை.

மழையிலேயே நடந்தோம். முதலில் தோழியின் முதுகுக்குப் பின்னாலேயே ஒதுங்கி நடந்தேன். பிறகு செண்டை மேளச் சத்தம் ஏற ஏற, நானும் கத்த ஆரம்பித்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றது. அதிலிருந்து ஒருவன் நேராக என்னிடம் வந்து, "முகம் காணிக்கெடீ", மூஞ்சியைக் காட்டுடி என்று மலையாளத்தில் சொல்லித் துண்டைப் பிடித்து இழுத்தான். நான் முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டேன். முடிச்சு அவிழவில்லை. தோழி அவன் கையைத் தட்டிவிட்டு என்னைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா, மழையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல ஜெபம் வச்சிருக்கு. மாமாவும் வாராவ. நீயும் வந்துரு" என்றாள். சரி என்றேன். பிறகு, "துண்டு நல்லாத்தான் கட்டியிருக்க, ஏட்டி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கேட்டில் எடுத்த வீடியோ எங்கள் மலை வரைக்கும் போயிருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏலக்காட்டில் மருந்தடிக்கும் நாட்களில் பெண்கள் கட்டுகிற கட்டு அது. பாலக்காட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதைத்தான் நான் செய்திருந்தேன்.

வீட்டு ஜெபம் என்றால் என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கிறிஸ்தவ சபையில் வீட்டு ஜெபத்தை நடத்த, சபை ஊழியரான உபதேசியார் வருவார். பாட்டு முடிந்ததும், "ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க" என்பார். அவரவர் வீட்டுக் கஷ்டத்தை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். இன்னாருக்குக் குடிப்பழக்கம், இன்னார் மகளுக்குப் பிள்ளை இல்லை என்று பேர் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். மறுநாள் காலையில் எஸ்டேட் முழுக்க அதுதான் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பக்கத்து எஸ்டேட்டில் ஓர் அக்கா பேர் இப்படித்தான் ஜெபத்தில் வந்தது. யாரோ ஒரு பெண்ணோடு பழக்கம் என்றார்கள். அவளை மாற்றவேண்டும் என்று எங்கோ வெளியூரில் ஒரு ஜெப வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்த கையோடு கல்யாணம். படிப்பு அதோடு சரி.

"போகாத புள்ள. எங்கூட்டுக்கு வந்துரு. எங்கம்மா ஒன்னுஞ் சொல்லாது" என்று தோழி கெஞ்சினாள். போகாமல் இருந்தால் மாமாவே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அப்பா தவறிய பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறிப் போனேன். ஒவ்வொரு ஊரிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. மறையூர் மலையேறும்போது யானை குறுக்கே நிற்கிறது என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் பயந்தார்கள். நான் மட்டும் அது அங்கேயே நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் மாமாவின் ஜீப் நின்றது. உள்ளே பாய் விரித்து லயத்துச் சனம் உட்கார்ந்திருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமலே காப்பியைக் கையில் கொடுத்தாள். மாமா பார்த்தார்.

"பாலக்காட்டு வீடியோ ஒண்ணு வந்துச்சு. நம்ம காட்டுக் கட்டு கட்டிக்கிட்டு ஒரு பிள்ள போவுது. எந்த வீட்டுப் பிள்ளைன்னுதான் தெரியல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கண் என் மேலேயே இருந்தது. நான் காப்பியை வாயில் வைக்காமலே கீழே வைத்ததை அவர் கண்டிப்பாகக் கவனித்திருப்பார்.

பாட்டு முடிந்தது. உபதேசியார் ஜெபக் குறிப்பு கேட்டார். யாரோ முட்டுவலிக்குச் சொன்னார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நகர்ந்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். படிப்பும் போச்சு, நானும் போனேன்.

அப்போது, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அம்மாவின் குரல் கேட்டது.

குறிப்புச் சொல்லும் நேரத்தில் அம்மா முழங்கால் போட்டு ஜெபத்தையே ஆரம்பித்துவிட்டாள். ஒருவர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டால் எங்களில் யாரும் நடுவில் வாய் திறக்கக்கூடாது. உபதேசியாரே ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டுத்தான் ஆகவேண்டும். மாமாவும் மூடிக்கொண்டார்.

சபையில் வாய் திறந்து இரண்டு வார்த்தைக்கு மேல் ஜெபிக்காத அம்மா அன்று நிறுத்தவே இல்லை. மழைக்கு, காய்க்கு, முட்டுவலிக்கு, மாமாவின் ஜீப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் ஜெபித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"என் பிள்ளய நீர்தான் தந்தீரு. எப்படித் தந்தீரோ அப்படித்தான் அவ இருக்கா. எனக்கு ஒண்ணும் வெளங்கல ஆண்டவரே. வெளங்காட்டியும் அவ எம்பிள்ளதான். அவ படிப்ப ஒருத்தரும் நிறுத்தக் கூடாது. அவள எங்கிட்ட இருந்து ஒருத்தரும் கூட்டிட்டுப் போகக் கூடாது. நீர் காவல் இரும். இந்த வீட்டுல இருக்க எல்லாரும் அதுக்குச் சாட்சி. ஆமென்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். சொல்லாமல் இருக்க எங்கள் வழக்கத்தில் இடமில்லை. கொஞ்சம் பிந்தி, மாமாவின் குரலும் கேட்டது. அவ்வளவு பேர் முன்னால் ஆமென் சொன்ன வாயால் அவர் எப்படி மாற்றிப் பேசுவார்? கிச்சடியைச் சாப்பிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அம்மாவே என்னை பஸ் ஏற்றிவிட்டாள்.

படிப்பை முடித்துவிட்டேன். மாமா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. லயத்தில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடங்குவது கேட்கிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அந்த விஷயத்தைப் பற்றி அம்மா அன்றைக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவளுக்கு நான் முழுதாகப் புரிந்திருக்க மாட்டேன். ஆனால் புரிந்த பிறகுதான் பிள்ளையின் பக்கம் நிற்கவேண்டும் என்று அவள் காத்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், பயந்துகொண்டாவது தலை நிமிர்ந்து நடக்கிறேன்.