ஒரு காலைக்கு மட்டும் புருஷன்

தஹானி எங்கள் கடையில் கண்ணாடி தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். கெய்ரோவின் ஷுப்ராவில் மெட்ரோ படியேறி வந்தால் இடது பக்கம் இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடை. நான் முன்னால் கல்லாவில் இருப்பேன், அவள் பின்னால் மிஷினில். விவாகரத்துப் பத்திரம் கையில் கிடைத்த அன்று மத்தியானமே வேலைக்கு வந்துவிட்டாள்.

"அழணும்னா அழுதுடுடி," என்றேன்.

"இந்தக் கண்ணாடி முடியட்டும்க்கா. கண்ணு கலங்கினா அளவு தப்பிடும்," என்றாள். முடித்துவிட்டு அழுதாளா என்றால் அதுவும் இல்லை. பசிக்கிறது என்று சொல்லி ஒரு தட்டு கோஷரி வாங்கிவரச் சொன்னாள்.

சட்டப்படி வீடு அவளுக்குத்தான். பிள்ளை யாரிடம் இருக்கிறதோ வீடும் அவர்களுக்கு. மகள் லுஜைன் இவளிடம்தான். ஆனால் அந்த வீடு மூன்றாம் மாடியில், மாமியார் முதல் மாடியில். கிழவி எந்நேரமும் கதவை ஒருக்களித்து வைத்திருப்பாள். தஹானி படியிறங்கும் சத்தம் கேட்டதும், "அல்லாஹ் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருக்கான்!" என்று மேலே பார்த்துச் சொல்லுவாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தொட்டில் குழந்தைக்குக்கூட இதைவிட ஒழுங்காக யாரும் மருந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

தந்தா ஊரில் இருக்கிற அவள் அண்ணன் வேறு ஃபோனில் உறுமிக்கொண்டிருந்தான். "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள லுஜைனுக்கு ஒரு ஸ்கூலும் உனக்கு ஒரு வீடும் கிடைக்கலைன்னா நான் லாரியோட வந்துடுவேன். என் வீட்ல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு."

சும்மா கிடக்கிற அந்த ரூமை நான் பார்த்திருக்கிறேன். அண்ணி போட்ட ஊறுகாய் ஜாடிகள் சுவரோரம் வரிசையாக இருக்கும். அங்கே போனால் தஹானியும் இன்னொரு ஜாடிதான். மூடி போட்டு, சுவரோரம் வைத்து, வீட்டுக்கு யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். அது அவளுக்கும் தெரியும். அதனால் அவள் சம்பளத்துக்குள் அடங்குகிற வாடகையும், ஐந்து வயது லுஜைனுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடமும் ஒரே ஊரில் கிடைத்தாக வேண்டும். கெய்ரோவைச் சுற்றி அப்படி ஓர் ஊர் இருந்தால் அங்கே ஏற்கெனவே ஒரு கோடிப் பேர் குடியேறியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

எங்கள் முதலாளி கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஞாயிறு தவறாமல் மைக்ரோபஸ் ஏறினோம். ஷேக் ஸாயித் நகரில் கேட் காவலாளி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தான். அதிலேயே பதில் தெரிந்துவிட்டது. பணக்காரர்களின் ஐந்தாம் குடியிருப்பில் தரகர் வாடகையைச் சொன்னதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "மேடம், நான் ஜோக் ஒண்ணும் சொல்லலை," என்று அந்த மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். பத்ர் நகரில் வாடகை கொள்ளை மலிவு. பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டால் தரகர் ஒரு பெயர்ப்பலகையைக் காட்டினார். பலகைக்குப் பின்னால் மணல்தான் இருந்தது.

"அடுத்த வருஷம் வந்துடும் மேடம்."

"பலகை துருப்பிடிச்சிருக்கே?"

"அது காத்து மேடம். இங்க காத்து நல்லா வரும்."

இதற்கு நடுவில் போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. உங்க வீட்டுக்காரர் எங்கே? முதலில் தஹானி உண்மையைச் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது என்பார்கள். பிறகு, "குவைத்ல இருக்கார்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அவள் முன்னாள் புருஷன் லுத்ஃபி குவைத்தில்! மெட்ரோ போகிற ஹெல்வானில் கல்யாணம் என்றால்கூட தூரம் என்று போகாமல் இருக்கிற ஆள் அவன்.

பள்ளிக்கூடத்தை அவள் தேர்ந்தெடுத்த கதைதான் எனக்குப் பிடித்தது. எங்கள் கடைக்கு ஊர் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் கண்ணாடிக்கு வரும். ஒரு வகுப்பில் எழுபது பிள்ளைகளை அடைத்து வைத்திருக்கிற பள்ளி என்றால் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பில்தான் வருவார்கள். அதுவரை பின்பெஞ்சில் கரும்பலகை தெரியாமல் மக்கு என்று பேர் வாங்கியிருக்கும் அந்தப் பிள்ளை. ஒபூரில் மஞ்சள் மதில் போட்ட பள்ளி ஒன்று. அங்கிருந்து வருகிற பிள்ளைகள் மட்டும் முதல் வகுப்பிலேயே வந்துவிடும். "டீச்சர்தான் சொன்னாங்க, பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பாக்குதுன்னு," என்பார்கள் அம்மாக்கள்.

"பிள்ளைங்க முகத்தைப் பாக்கற டீச்சர் இருக்கிற ஸ்கூல்க்கா அது. எனக்கு அது போதும்," என்றாள் தஹானி.

ஒபூர் என்றால் காய்கறிச் சந்தை என்றுதான் நான் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மரமும் நிழலுமாக நன்றாகத்தான் இருந்தது. நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை, அதனால் வாடகை குறைவு. வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "டிவி சத்தமா வைப்பீங்களா?" இல்லை என்றதும் வீடு முடிந்துவிட்டது. பள்ளியில் இடம் கிடைத்ததும் வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

அந்தப் பள்ளியில்தான் முடிச்சு விழுந்தது. அங்கே பிள்ளைக்கு இடம் வேண்டுமென்றால் தாய் தகப்பன் இரண்டு பேரும் நேர்காணலுக்கு வர வேண்டும். விவாகரத்தானவர்கள் பிள்ளைக்கு இடம் கிடையாது. வெளியே எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் ஊருக்கே தெரியும். பள்ளி முதலாளி ஹாஜி தர்வீஷ், முன்னாளில் நகைக்கடை வைத்திருந்தவர். பிரிந்தவர்கள் கேட்டில் நின்று பிள்ளையைப் பிடித்து இழுத்துச் சண்டை போடுவார்கள், பள்ளி மானம் போகும் என்பது அவர் எண்ணம். நேர்காணல் நாளில் முன்கூடத்தில் காப்பியோடு உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொரு தகப்பனோடும் கைகுலுக்கி அனுப்புவார்.

"லுத்ஃபியைக் கூப்பிடப் போறேன்," என்றாள் தஹானி.

லுத்ஃபி ஃபக்காலா கடைத்தெருவில் குளியல்தொட்டி விற்கிறவன். கெட்டவன் இல்லை. எதையும் பாதியில் விடுகிறவன், அதுதான் அவன் வியாதி. வீட்டில் மூன்று சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு நாலாவது சுவரை ஆறு வருஷம் அப்படியே விட்டு வைத்தவன். கல்யாணத்தையும் அப்படித்தான் விட்டான். ஆனால் லுஜைன் தந்தாவுக்குப் போய்விடுவாள் என்று கேட்டதும் கடையைப் பாதியில் விட்டு ஓடி வந்தான்.

"வரேன். ஆனா ஒரு ட்ரே பெஷமல் மக்ரோனி செஞ்சு குடுக்கணும்," என்றான்.

"அரை ட்ரே," என்றாள் தஹானி.

ஒரு சாயங்காலம் கடையில் ஒத்திகை நடந்தது. நான்தான் தலைமையாசிரியை.

"உங்க பொண்ணுக்கு என்ன பிடிக்கும்?"

"டிவி," என்றான் லுத்ஃபி.

"நாசமாப் போச்சு. கதைப் புத்தகம்னு சொல்லு," என்றாள் தஹானி.

"உங்களுக்குள்ள சண்டை வருமா?"

"வராது!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"இப்படிக் கத்தினா யாரு நம்புவா? மோதிரம் எங்க?"

தஹானியின் மோதிரம் டிராயரில் இருந்தது. லுத்ஃபி கொஞ்சம் தயங்கினான். "எங்கிட்டயும் இருக்கு. அன்னிக்குப் போட்டுட்டு வரேன்," என்றான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கல்யாணமான வருஷமே அவன் மோதிரத்தை விற்று மோட்டார்சைக்கிளுக்குக் கட்டியதைத் தஹானி நூறு தடவை சொல்லிப் புலம்பியிருக்கிறாள்.

நேர்காணலுக்கு நானும் போனேன், பிள்ளையின் பெரியம்மா என்று சொல்லிக்கொண்டு. எங்கள் ஊரில் பெரியம்மாவை யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. லுஜைனை ஒரு டீச்சர் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். நாங்கள் மூவரும் தலைமையாசிரியை மேடம் இக்பால் முன்னால் உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை அவளுக்கு. ஃபிரேம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. தஹானியின் விரல் அதை நிமிர்த்தத் துடித்ததை நான் கவனித்தேன்.

"வீட்ல எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவீங்களா?"

"தினமும் மேடம்," என்றான் லுத்ஃபி, இளித்துக்கொண்டு.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"மக்ரோனி," என்றான் அவன். "முலுக்கியாக் கீரை," என்றாள் அவள்.

"ரெண்டும்," என்றேன் நான்.

அதையும் தாண்டி வந்துவிட்டோம். படிவத்தை நீட்டி, "அப்பா இங்க கையெழுத்து போடுங்க," என்றாள் மேடம் இக்பால். லுத்ஃபி பேனாவை எடுத்தான். வலது கையில் புத்தம்புது வெள்ளி மோதிரம் பளபளத்தது.

நிச்சயதார்த்தம் முடிந்தால் வலது கை, நிக்காஹ் முடிந்தால் இடது கை. எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தலைமையாசிரியை மோதிரத்தைப் பார்த்தாள். தஹானியும் பார்த்தாள்.

"எப்போ?" என்றாள் தஹானி, பல்லுக்குள்.

"போன வியாழக்கிழமை."

"யாரு?"

"உனக்குத் தெரியாது."

"யாருன்னு கேட்டேன்."

"டைல்ஸ் கடை... நாதியா."

"எனக்கா தெரியாது? நம்ம பாத்ரூமுக்கு டைல்ஸ் வித்தவளே அவதானே! நான் பச்சை கேட்டேன், நீ அவ சொன்னாள்னு ரோஸ் கலர் வாங்கிட்டு வந்தே!"

மேடம் இக்பால் பேனாவை மூடி வைத்தாள். "மேடம், உங்க வீட்டுக்காரருக்கு நிச்சயம் ஆயிருக்கு போல. வாழ்த்துக்கள்," என்றாள்.

தந்தாவும் லாரியும் ஊறுகாய் ஜாடியும் கண்முன் வந்து நின்றன. தஹானியின் கண் கலங்கி அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஆனால் குரல் உடையவில்லை.

"நாங்க பிரிஞ்சவங்கதான் மேடம். பொய் சொன்னது தப்பு. நான் கண்ணாடிக் கடையில வேலை செய்யறேன். உங்க ஸ்கூல் பிள்ளைங்கதான் சின்ன வயசுலயே கண்ணாடிக்கு வருது. உங்க டீச்சருங்க பிள்ளைங்களைப் பாக்கறாங்கன்னுதான் இங்க வந்தேன். இப்ப எங்களையும் பாத்துட்டீங்க. நான் என்ன சொல்ல?"

மேடம் இக்பால் லுத்ஃபியைப் பார்த்து, "பிள்ளைக்காக எங்க கேட்ல வந்து நின்னு சண்டை போடுவீங்களா?" என்று கேட்டாள்.

இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் மேடம் நான் அவளைப் பாக்கறேன்," என்றான். "தந்தா போயிட்டா அதுவும் போச்சு. இங்கயே இருக்கட்டும். நான் கேட் பக்கமே வர மாட்டேன்." அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவனைப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

"தாய் தகப்பன் ரெண்டு பேரும் வரணும்கறதுதான் இங்க எழுத்துல இருக்கிற விதி," என்றாள் மேடம் இக்பால். "துபாய்ல இருக்கிற அப்பாவுக்குப் பதிலா மச்சானைக் கொண்டு வந்து உக்கார வைக்கிறவங்களையெல்லாம் பாத்தாச்சு. நீங்க அசல் அப்பாவையே கூட்டிட்டு வந்திருக்கீங்க. எனக்கு அது போதும்." முத்திரையை எடுத்துக் குத்தினாள். "ஆனா வெளியில ஹாஜி இருக்கார். நகைக்கடைக்காரர். கை குலுக்கும்போது மோதிரத்தைத்தான் முதல்ல பாப்பார். அதைக் கை மாத்திட்டுப் போங்க."

லுத்ஃபி இழுத்தான். மோதிரம் வரவில்லை. திருகினான், முகம் சிவந்ததுதான் மிச்சம். தஹானி கைப்பையிலிருந்து கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயை எடுத்து அவன் விரலில் அடித்தாள். ஃபிரேமில் சிக்கிய கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு. கழன்றுவிட்டது. மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்த்தாள். ஜன்னல் வழியே வீசிவிடுவாள் என்றே நினைத்தேன்.

வீசவில்லை. அவன் இடது கையைப் பிடித்து, இன்னொரு தடவை ஸ்ப்ரே அடித்து, மோதிரத்தை அழுத்திப் போட்டுவிட்டாள். எங்கள் கல்யாணங்களில் மணப்பெண்தான் மாப்பிள்ளையின் மோதிரத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவாள். பெண்கள் குலவையிடுவார்கள். இங்கே குலவையிட யாரும் இல்லை. மேடம் இக்பால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

லுஜைனையும் அழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தோம். ஹாஜி தர்வீஷ் லுத்ஃபியின் கையைக் குலுக்கினார். கண் நேராக அவனது இடது கைக்குப் போனது. "மாஷா அல்லாஹ். மோதிரத்தை நல்லா பளபளன்னு வச்சிருக்கீங்க. பொண்டாட்டி மேல அவ்வளவு மரியாதை!" என்றார்.

"ஆமா ஹாஜி," என்றான் லுத்ஃபி, தரையைப் பார்த்துக்கொண்டு.

மஞ்சள் மதிலைத் தாண்டியதும் அவன் மோதிரத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். ஈரம் காய்ந்துவிட்டது. அசையவில்லை.

"தஹானி, அந்த ஸ்ப்ரேயைக் குடேன். சாயங்காலம் நாதியா வீட்ல விருந்து. அவ அம்மா வேற இருப்பா. இதை இடது கையில பாத்தாங்கன்னா..."

"தீந்துடுச்சு," என்றாள் தஹானி. "வாழ்க்கையில ஒண்ணையாவது முழுசா முடிச்சு வச்சிருக்கேன் உனக்கு. விட்டுடு." லுஜைனின் கையைப் பிடித்துக்கொண்டு, சாவி வாங்க நடந்தாள்.

நடக்கும் முன் அவள் கைப்பையை என் கையில் திணித்திருந்தாள். திறந்து பார்த்தேன். ஸ்ப்ரே பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மூடிவிட்டு அவள் பின்னால் நடந்தேன்.