ரோஸியின் பெயரை ஏற்காத கணினி

இந்த ஜெர்மன் ஊரில் நம் விரல்களுக்குத் தினமும் ஒரு சிறு அவமானம் காத்திருக்கும். இங்குள்ள கீபோர்டுகளில் ஒய்யும் இசட்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. அலுவலகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டேன். வீட்டுக் கணினியில் மட்டும், கீயின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, ஏற்காட்டில் நான் படித்த வரிசைதான் வர வேண்டும் என்று லினக்ஸிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். சொந்த வீட்டிலாவது என் பேச்சு எடுபட வேண்டாமா?

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமைக் காலை அதுவும் போயிற்று. முந்தின நாள்தான் சிடி போட்டு லினக்ஸை அப்டேட் செய்திருந்தேன். காலையில் திறந்தால் கறுப்புத் திரை. பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு. அந்த பாஸ்வேர்டு, இறந்துபோன என் தங்கை ரோஸியின் பெயர். அவள் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டத் தட்ட, அப்படி யாரும் இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வருவது போலிருந்தது.

அன்று பார்த்து தம்பி அருள் மலையிறங்கி, சேலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் முந்தின நாள் அனுப்பிய மெயிலுக்கு என் பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தான். மழையில் மலைமேல் போன் செத்துக் கிடந்தது. தலைச்சோலைப் பக்கம் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்த எஸ்டேட் கை மாறிவிட்டது. அதன் ஓரத்தில், சில்வர் ஓக் மரத்தடியில்தான் ரோஸி இருக்கிறாள். காய்ச்சலில் அவள் போனபோது மண் சரிந்து பாதை அடைபட்டிருந்ததால், சர்ச் கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோக முடியவில்லை. திங்கட்கிழமை அங்கே காப்பிக்குக் குழி வெட்டப் போகிறார்கள். அதற்குள் அவளை எடுத்துவிடலாமா? மூத்தவள் சொல்லாமல் மண்ணைத் தொடக்கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம்.

பக்கத்து வீட்டு ஹெல்காவைக் கூப்பிட்டேன். நூலகத்தில் கணினியோடு மல்லுக்கட்டுகிறவள். என் உடைந்த ஜெர்மனில், “ரோஸிதான் பாஸ்வேர்டு, வேலை செய்யவில்லை” என்றேன்.

“அப்படியானால் ரோஸிக்கே போன் செய்து கேளேன்” என்றாள், பாஸ்வேர்டு தெரிந்த யாரோ தோழி என்று நினைத்து.

நான் விழித்ததைப் பார்த்து, “லாகின் பெயர் கேட்கிற இடத்தில் பாஸ்வேர்டை அடித்துப் பார். அங்கே எழுத்து மறையாது” என்றாள்.

அடித்தேன். கடைசி எழுத்து ஒய்க்குப் பதில் இசட்டாக விழுந்தது. அப்டேட் என் வரிசையைத் தூக்கியெறிந்துவிட்டு, கணினியை ஜெர்மனாக்கியிருக்கிறது. ஹெல்கா சிரித்தாள். “கீழே எழுதித்தானே இருக்கிறது, பார்த்து அடிக்க வேண்டியதுதானே!”

அதுதானே என்னால் முடியாது. ஏற்காட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே மெஷினில் நானும் ரோஸியும் மாறி மாறி அடிப்போம். நான் குனிந்தால் போதும், தாவணி முந்தானையை என் கைகளின் மேல் போர்த்திவிடுவாள். “ஏனுங்க அக்கா, எதுக்குக் கீழ பாக்கறீங்க? வெரலுக்கு அதது ஊடு தெரியுமுங்க.”

அன்று குனிந்து பார்த்தேன். அவள் பெயரை ஓர் அந்நியரின் பெயரைப் போல எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன். கதவு திறந்தது. “எடுத்துவிடு” என்று அருளுக்கு எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். ஹெல்கா, கணினி சரியான சந்தோஷம் என்று நினைத்துத் தோளில் தட்டினாள்.

போன் உயிர் பெற்றதும் அருள் பேசினான். “மெயில் பாத்துட்டு எடுத்தோமுங்க அக்கா. ஆனா நொம்ப ஒண்ணுமில்லீங்க, பூராம் மரத்து வேருதான். செபமாலை மணி கொஞ்சம் கெடச்சுது. மண்ண அள்ளிப் பொட்டியில போட்டு சர்ச்சுத் தோட்டத்துல வெச்சோமுங்க.”

“சாமி, அப்ப ரோஸி இப்ப எங்க இருக்கா?”

“தெரியலீங்க அக்கா” என்றான்.

ஒரு ஃபைலில் ஒரு வரி மாற்றினால் என் கீபோர்டு நிரந்தரமாகச் சரியாகிவிடும். மாற்றவில்லை. தினமும் ஜெர்மன் எழுத்துகளைப் பார்த்து அவள் பெயரை அடித்து உள்ளே போகிறேன். பிறகு ஒரு கட்டளை கொடுத்தால் ஏற்காட்டு வரிசை வந்துவிடும். அதற்கப்புறம் நான் கீழே பார்ப்பதில்லை. பார்க்க முடியாது. கைகளின் மேல் தாவணி விழுந்திருக்கும்.