வியாழக்கிழமைப் பட்டாணி சூப்

மார்கெட்டாவுக்கு மூக்கின் மேல் கோபம். வடக்குப் பனிநாட்டில், ஹாமே பக்கத்து அந்தச் சின்ன ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் அவள். மழையிலும் சைக்கிள், பனியிலும் சைக்கிள். மாத்திரைப் பெட்டியை நிரப்புவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், திரும்பும்போது அந்த வீட்டுக் குப்பையையும் கையோடு கொண்டுபோய்ப் போடுவாள். அது உன் வேலையா என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், "அப்ப நீ வந்து போடு" என்பாள். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் கைவிட்டது. படியேறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நலத்துறை அலுவலகம் அவளைக் கொண்டுபோய் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தது.

"டிவி பாக்கறதுக்கு எனக்குச் சம்பளமா? நல்லா இருக்கு போங்க!" என்று முதல் நாளே சத்தம் போட்டாள்.

ஒவ்வொரு முதியவர் வீட்டிலும் சமையலறை மேசையில் ஒரு டேப்லெட் நிற்கும். குறித்த நேரத்தில் மார்கெட்டா அதில் தோன்றி, மாத்திரை போட்டாச்சா, தூங்கினீங்களா என்று கேட்க வேண்டும். ஒரு மாதம் முணுமுணுத்தாள். அப்புறம் பார்த்தால், விரல் விறைக்காமல், வழுக்கி விழாமல், மதியத்துக்குள் பதினான்கு பேரைப் பார்க்க முடிந்தது. யார் வீட்டில் திரைச்சீலை விலக்கவில்லை, யார் வீட்டில் நேற்றைய கோப்பை இன்னும் கழுவாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அந்தச் சின்னச் சதுரத்துக்குள்ளேயே தெரிந்தது. "வாசனை மட்டும்தான் வரல. சில வீட்டுக்கு அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

மதியச் சாப்பாட்டுக் குழு அவளுடைய யோசனைதான். தாவெத்தி என்ற கிழவரை நினைத்து ஆரம்பித்தது. எண்பத்து நான்கு வயது. இளமையில் ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டிக்கொண்டு போன ஆள். மனைவி போன பிறகு, வேனில் வந்த சாப்பாடு எல்லாம் குளிர்பெட்டியிலேயே இருந்தது. பன்னிரண்டு கிலோ இறங்கிவிட்டார். இப்படியே போனால் முதியோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அங்கே போனால் மூன்று மாதம்கூடத் தாங்க மாட்டார் என்று மார்கெட்டா நினைத்தாள்.

அதனால் தினமும் பதினொன்றரை மணிக்கு மூன்று முதியவர் வீடுகளை ஒரே திரையில் கூட்டினாள். ஒரு கட்டத்தில் தாவெத்தி. இன்னொன்றில் நாற்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்த கெர்த்து. மூன்றாவதில் தபாலாபீஸில் வேலை பார்த்த தைமி, எண்பதுக்கு ஒன்று குறைவு. நான்காவதில் தன் டிபன் டப்பாவோடு மார்கெட்டா. நான்கு பேரும் "மொய்" என்று அந்த ஊர்ப் பாஷையில் வணக்கம் சொல்வார்கள். பிறகு சாப்பிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு "நன்றி" சொல்லிவிட்டு அணைப்பார்கள். அவ்வளவுதான். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பக்கத்தில் சாப்பிடும்போது பேசுகிறவன் எதையோ விற்க வந்தவனாகத்தான் இருப்பான். ஆனால் தாவெத்தி தட்டை வழித்துச் சாப்பிட்டார். இலையுதிர் காலம் முடிவதற்குள் ஐந்து கிலோ ஏறியது.

புத்தாண்டில் வந்தது வினை. அலுவலகம் வாங்கிய புதிய மென்பொருள், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று எண்ண ஆரம்பித்தது. நிறையப் பேசினால் பச்சை. குறைந்தால் மஞ்சள். பேசாவிட்டால் சிவப்பு. மார்கெட்டாவின் குழு முதல் மூன்று வாரமும் செக்கச்செவேலென்று சிவந்தது. பங்கேற்பவர்களுக்குப் பயன் இல்லாததால் மாதக் கடைசியில் குழு மூடப்படும் என்று கடிதம் வந்தது.

"பயன் இல்லையாமே! அந்த மனுஷன் தட்டை வந்து பாருங்கய்யா!" என்று தொலைபேசியில் கத்தினாள்.

எதிர்முனையில் யார்னோ, மென்பொருள் பொறுப்பாளர், முப்பது வயது. பாவம், நல்ல பையன். "எனக்குப் புரியுது மார்கெட்டா. ஆனா நாலு வினாடிதான் பேசியிருக்காங்க. நான் மேல என்னன்னு சொல்றது? வியாழக்கிழமை நேர்ல வரேன், பாக்கறேன். அதுக்குள்ள கொஞ்சம் பேச வைங்களேன். கேள்வி அட்டை அனுப்பறேன்."

அட்டைகள் வந்தன. செவ்வாய்க்கிழமை மார்கெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாசித்தாள். "உங்களுக்குப் பிடிச்ச பருவம் எது?"

"கோடை" என்றாள் கெர்த்து.

"எனக்கும்" என்றாள் தைமி.

தாவெத்தி கரண்டியை வைத்தார். பிறகு எழுந்து போய்த் தன் கம்பளித் தொப்பியை எடுத்து வந்து கேமரா மேல் மாட்டிவிட்டார். அன்று அவர் சாப்பிட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை.

"ஏம்மா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கெர்த்து நிஜமான கவலையோடு கேட்டாள். "நாங்க நிம்மதியா சாப்பிடறது உனக்குப் பொறுக்கலையா?"

மார்கெட்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அட்டைகளைக் குப்பையில் போட்டாள். புதன்கிழமை தாவெத்தியை மட்டும் தனியாக அழைத்து, "இனிமே கேக்க மாட்டேன். சத்தியமா. வாங்க" என்றாள். தொப்பி மெல்ல விலகியது.

வியாழக்கிழமை யார்னோ வந்து அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். நாடு முழுக்க அப்படித்தான், பள்ளிக்கூடத்திலிருந்து பட்டாளம் வரை. சூப்பில் கடுகு விழுதைப் பிதுக்கிக் கலக்க வேண்டும். ஸ்ட்ராபெரி ஜாம் பான்கேக்குக்கு. இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

"மொய்" என்றார்கள். அமைதி. மூன்று நிமிடம் போனது. யார்னோ நெளிந்தான். "எப்பவுமே இப்படித்தானா?" என்று காதோடு கேட்டான்.

"ம்" என்றாள் மார்கெட்டா. குழு அவ்வளவுதான், நாளை மறுநாள் மூடிவிடுவார்கள், தாவெத்தி மறுபடியும் தனியாக அந்த மேசையில் உட்காருவார் என்று நினைத்து, கரண்டியைச் சூப்பிலேயே விட்டுவிட்டாள்.

அப்போது தைமி ஜாம் டப்பாவைத் திறந்தாள். இடது கையால் ஒரு கரண்டி ஜாமை எடுத்து, சூப்பில் போட்டுக் கலக்கினாள்.

யார்னோ சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. கெர்த்துவின் கரண்டி பாதியில் நின்றது. தாவெத்தி நிமிர்ந்தார். ஐந்து மாதமாக மொய்யும் நன்றியும் தவிர வேறெதுவும் பேசாத மனிதர், வாயைத் திறந்தார்.

"தைமி. அது ஜாம்."

தைமி ஏதோ சொன்னாள். வார்த்தை குழைந்து வந்தது.

மார்கெட்டா திரைக்கு நெருங்கி வந்தாள். "தைமி, சூப்பைத் தொடாதீங்க. என்னைப் பாத்துச் சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க." வாய் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. வலது கை மேசையிலேயே கிடந்தது. "தம்பி, நூத்திப் பன்னெண்டுக்குப் போன் போடு! பக்கவாதம்னு சொல்லு! பதினொன்னு முப்பத்தாறு, எழுதிக்கோ!" யார்னோவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஆனாலும் போட்டான். மார்கெட்டா தன் மேசையிலிருந்தே ஒரு பொத்தானைத் தட்டி, ஊரின் அந்தக் கோடியிலிருந்த தைமி வீட்டுக் கதவுப் பூட்டைத் திறந்தாள்.

ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம். தைமியின் கண் சொருகிச் சொருகிப் போனது. பயத்தில் அவள் இடது கை மேசை விளிம்பைத் துழாவியது.

"தைமி, இங்க பாரு" என்றார் தாவெத்தி. "அறுபத்தாறாம் வருஷம் ஒரு நாள், ஆத்துல கட்டையெல்லாம் சிக்கிக்கிச்சு. நான் இறங்கினேன். என் இடது பூட்ஸ் கழண்டு தண்ணியோட போயிடுச்சு. கேக்கறியா? ஒத்தக் கால்ல நாலு மைல் நடந்தேன். மேஸ்திரி என்ன திட்டுத் திட்டினான் தெரியுமா..."

நிறுத்தவே இல்லை. மேஸ்திரியின் மூக்கு, அவன் நாய், அந்த வருஷத்துக் கொசு, எல்லாம் வந்தது. ஆறு வாரம் கழித்துக் கீழே மர ஆலையில் அந்தப் பூட்ஸ் கிடைத்ததாம். "உள்ள கைய விட்டா, என்னமோ துள்ளுது! மீனு!" தைமி பாதி வாயால் சிரித்தாள். கெர்த்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸின் பச்சைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் தைமியின் சமையலறைக்குள் நுழையும்வரை அந்த மனிதர் மூச்சு வாங்கக்கூடப் பேச்சை விடவில்லை.

சரியான நேரத்தில் பிடித்துவிட்டோம், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி வேலை செய்கிறது என்று மறுநாள் மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். மார்கெட்டா அலுவலகக் கழிப்பறையில் போய் ஒரு பாட்டம் அழுது முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மேசையில் யார்னோ அந்த வார அறிக்கையை வைத்துக்கொண்டு நின்றான். வியாழக்கிழமைக்கு நேராகப் பச்சை. 'மிகச் சிறந்த பங்கேற்பு, வாழ்த்துகள்' என்றிருந்தது.

"வாழ்த்தாம்" என்றாள் மார்கெட்டா.

"எனக்கு வெக்கமா இருக்கு" என்றான் யார்னோ. "நானா இருந்தா அந்த ஜாமைத் தமாஷுன்னு விட்டிருப்பேன்." மேலே எழுதினான், போய்ச் சண்டையும் போட்டான். சிவப்பு வந்தால் குழுவை மூட வேண்டாம், காரணம் மட்டும் கேட்டால் போதும் என்று முடிவானது. மென்பொருளை ஒழிக்க அவனால் முடியவில்லை. தாவெத்தி மட்டும், தைமி மருத்துவமனையில் இருந்த வாரங்களில், அவளுடைய வெற்றுச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார், ஆனால் சாப்பிட்டார்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை தைமி திரும்பி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். "மொய்" என்றாள். "மொய்" என்றார்கள். மூன்று பேரும் சாப்பிடத் தொடங்காமல் அவள் கையையே பார்த்தார்கள். அவள் மஞ்சள் டியூபை வலது கையால் மெதுவாக எடுத்து, மூடியைத் திறந்து, சூப்பில் பிதுக்கினாள். கடுகு. அதற்குப் பிறகுதான் மற்ற கரண்டிகள் அசைந்தன.

பாதி சூப்பில் தைமி தலை நிமிர்ந்தாள். "தாவெத்தி, அந்த மீனை என்ன செஞ்சே?"

"தின்னேன்."

அப்புறம் யாரும் பேசவில்லை. பன்னிரண்டு மணிக்கு நன்றி சொல்லி அணைத்தார்கள். மார்கெட்டாவின் திரையில் சிவப்புக் கட்டம் எழும்பி, குழுவில் உரையாடல் இல்லாததற்குக் காரணம் என்ன என்று கேட்டது. அவள் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு விரலால் தட்டினாள்: 'எல்லாரும் வந்திருந்தார்கள்.'