கூரை இல்லாத காருக்கு ஏசி

என் கணவர் வங்கி அதிகாரி. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தடவை படிப்பார். ஆனால் வாயைத் திறக்கும் முன் அரைத் தடவைகூட யோசிக்க மாட்டார். எங்கள் காருக்கு ஏசி வந்தது அப்படித்தான்.

எங்கள் கார் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அது என் கார். கோயமுத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து கராடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பல வருஷம் ஓடிவிட்ட பிறகு, எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் பழைய திறந்த காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். இரண்டு கதவு, மோர் நிறம், வட்ட விளக்கு. மேலே துணிக்கூரை. அதை மடக்கிப் பின்னால் செருகிவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த வண்டி. முதல் சாவித் திருப்பலிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. வாங்கிவிட்டேன்.

கணவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் ஏற மாட்டேன்."

"ஏனுங்க?"

"வெயில் காலத்துல மண்டை வெந்துரும். குளிர் காலத்துல எனக்கு சைனஸ். இதுல ஏசியும் ஹீட்டரும் மாட்டு, அப்புறம் ஏறிக்கறேன்."

நடக்காது என்கிற தைரியத்தில் சொன்னார். சொல்லிவிட்டு நிம்மதியாக லிஃப்டுக்குப் போய்விட்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் போன இரண்டு ஏசி கடைகளிலும் சிரித்தார்கள். ஒருவர் தன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு வண்டியைக் காட்டிச் சிரித்தார். மூன்றாவது ஆள் கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். ஐம்பது தாண்டியவர், ஐஸ்கிரீம் வேன்களுக்கும் பால் வண்டிகளுக்கும் குளிர்பெட்டி சரிசெய்கிறவர். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். பிறகு இந்தியில் கேட்டார்.

"ஓடும்போது உள்ளே காத்து எப்படிச் சுத்துதுன்னு பார்த்திருக்கீங்களா, தாயீ?"

தாயீ என்றால் மராத்தியில் அக்கா. நான் அவரைத் தாதா என்று கூப்பிட்டேன், அது அண்ணன். பின்னால் ஒருநாள் போனில் ஸ்பீக்கர் போட்டு நாங்கள் பேசியதைக் கேட்ட என் கணவர், எந்தத் தாதாவிடம் மாட்டிக்கொண்டாய், அவன் ஏன் உன்னைத் தாயே என்கிறான் என்று பதறிப்போனார்.

காற்று சுற்றுவதைப் பார்க்க மெக்கானிக் ஒரு வழி வைத்திருந்தார். கொட்டகையில் சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தி பாக்கெட்டிலிருந்து நாலு குச்சி எடுத்துக் கொளுத்தினார். என்னை வண்டி ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டே வந்தார். முகத்துக்கு நேராகப் பிடித்தால் புகை ஒரு நொடியில் பின்பக்கம் பறந்தது. நெஞ்சுக்கு நேராகக் கொஞ்சம் தடுமாறியது. முழங்காலுக்குக் கீழே பிடித்தபோது, அங்கேயே சுருண்டு சுருண்டு நின்றது. சர்வீஸ் ரோட்டில் போன ஸ்கூட்டர்காரர் ஒருவர் புது வண்டிப் பூஜை என்று நினைத்து, எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்றார் மெக்கானிக். "மேலே விட்டா ஏசிக் காத்து ஊருக்கு. கீழே விட்டா உங்களுக்கு."

முடிந்த மாதிரி என்பது ஆறு சனிக்கிழமைகள் ஆயிற்று. பழைய டைனமோ ஏசிக்குக் கரண்டு கொடுக்காது என்று அதைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டார். ஏதோ ஒரு சின்னக் காரின் கம்ப்ரசரை எஞ்சின் பக்கத்தில் உட்கார வைக்கத் தானே ஒரு இரும்புத் தாங்கி செய்தார். அது மூன்று தடவை பொருந்தவில்லை. நாலாவது தடவை பொருந்தியபோது பானட் மூடவில்லை. ஹீட்டருக்கு இடம் தேடி டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவர், ஒருநாள் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், பெயிண்டுக்குக் கீழே நாலு திருகாணி தெரிந்தது. கழற்றினால் ஒரு சதுர ஓட்டை.

"ஹீட்டருக்கு முதல்லயே இடம் விட்டிருக்காங்க தாயீ. நம்ம ஊருக்கு எதுக்குன்னு மூடிட்டாங்க."

மலைப் பக்கம் ஓடிய ஒரு வேனிலிருந்து எடுத்த ஹீட்டர் அங்கே போய் உட்கார்ந்தது. எஞ்சினைச் சுற்றும் சுடுதண்ணீர் அதற்குள் ஒரு குழாய் வழியாக வந்து போகும். பின்னால் ஒரு விசிறி. அவ்வளவுதான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிய நாள் வந்தது. ரஞ்சன்காவ் கணபதி கோயிலுக்குப் போய் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு வரலாம் என்று அவரே சொன்னார். நடுவழியில் நின்றுபோனால் கடவுள் பக்கத்தில் இருப்பார் என்று கணக்குப் போட்டிருப்பார். தொப்பி, கூலிங்கிளாஸ், கழுத்தில் ஈரத்துண்டு, கையில் இரண்டு பாட்டில் மோர் சகிதம் ஏறி உட்கார்ந்தார்.

ஏசியைப் போட்டேன். கொஞ்ச தூரம் தொப்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"முழங்காலுக்குக் கீழ ஊட்டியா இருக்குது."

"மேலங்க?"

"மேல வேலூர்."

வாகோலி சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிறிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். ஏசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பவில்லை. ஆட்டோவிலிருந்து ஒரு காலை ரோட்டில் ஊன்றி, உடம்பை வளைத்து, எங்கள் கதவுக்கு மேலாகக் கையை விட்டு என் கணவரின் முழங்கால் பக்கம் துழாவினார். முகம் மலர்ந்தது. பச்சை விழுந்தும் கையை எடுக்க மனமில்லை. பின்னால் ஹாரன் அடித்துத்தான் அவரைப் பிரிக்க வேண்டியிருந்தது.

கோயில் பார்க்கிங்கில் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. தேங்காய் விற்கிறவர் ரேடியேட்டர் ஒழுகுது என்றார். என் கணவர் நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த மராத்தியில், அது ஏசி தண்ணீர் என்று விளக்கினார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

திரும்பும்போது உச்சி வெயில். வாகோலிக்கு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் பஸ். பத்து நிமிஷத்தில் எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏற ஆரம்பித்தது. வண்டியை அணைத்து ஓரம் கட்டவும் இடமில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"ஏசியை நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன்.

"இப்போ ஹீட்டர் போடுங்க. முழுசா."

"தாதா, இங்க நாப்பது டிகிரி."

"தெரியும். எஞ்சின் சூட்டை எங்கயாவது இறக்கணும் தாயீ. இப்போதைக்கு உங்க கால்தான் இருக்கு."

ஸ்பீக்கரில் என் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். ஹீட்டர் குமிழை அவரே இழுத்தார்.

அடுப்பு வாயைத் திறந்தது போல அடித்தது. அவர் ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். இரண்டு காலையும் தூக்கிக் கதவுக்கு மேலே வெளியே தொங்கப் போட்டார். பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் எங்கள் பக்கம் நிறைந்துவிட்டன. ஒரு அம்மாள் என்ன ஆச்சு என்று கேட்டார். ஹீட்டர் போட்டிருக்கோம் என்றேன். அவர் அதை உள்ளே திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது.

நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் கண் அந்த முள்ளிலேயே இருந்தது.

"நின்னிருச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு கோடு எறங்கிருச்சு." அப்புறம் குரலே மாறிவிட்டது. "பாதிக்கு வந்திருச்சு, பாரு. நான் சொல்றப்ப மட்டும் ஆக்சிலேட்டர் மிதி."

கராடியில் வீடு வந்து சேரும்வரை முள்ளைக் காவல் காத்தார். மோர் இரண்டு பாட்டிலும் காலி. கெண்டைக்கால் இரண்டும் தக்காளி நிறம். லிஃப்டில் ஏறும்போது சொன்னார்: "ரேடியேட்டருக்கு இன்னொரு ஃபேன் வைக்கணும். நான் செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டுக் கொண்டு போறேன்."

போனார். அரை நாள் முழு நாள் ஆயிற்று. அவருக்கும் மெக்கானிக்குக்கும் பொதுவான மொழி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இவருடைய இந்தி கோயமுத்தூர் இந்தி. ஆனாலும் இரண்டாவது ஃபேன் வந்தது, அதன் பிறகு முள் பாதியைத் தாண்டியதே இல்லை. அதிலிருந்துதான் அது எங்கள் கார்.

டிசம்பரில் ஒரு காலை, ஆறரை மணிக்கு அவரே என்னை எழுப்பினார். கூரையை மடக்கி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நல்ல பனி. குரங்குக் குல்லாவும் மப்ளருமாக அவர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சொகுசாகக் காலை நீட்டிக்கொண்டார். வேர்க்கடலை உரித்துத் தின்றார். எனக்கானால் கால் விரல் மரத்துவிட்டது. கிளட்ச் மிதிப்பதே தெரியவில்லை.

"ஏனுங்க, ஹீட்டர் வேலை செய்யுதுங்களா?"

"நல்லா வேலை செய்யுதே."

"இந்தப் பக்கம் ஒண்ணுமே வரலீங்க."

அவர் இன்னொரு வேர்க்கடலையை உரித்தார். வண்டியை ஓரம் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ஹீட்டரின் வாய் இரண்டு பக்கமும் பிரிந்துதான் இருந்தது, நான் பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்தது. என் பக்கத்து வாயைத் தகடு வைத்து மூடி, நாலு திருகாணி போட்டிருந்தது.

"அந்தச் செவ்வாய்க்கிழமை" என்றார் அவர். "எனக்கு சைனஸ், சூடு பூரா என் பக்கமே வந்தா நல்லதுன்னு சும்மா ஒரு யோசனையாச் சொன்னேன். அவர் உடனே செஞ்சுட்டார்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் மப்ளரைக் கழற்றி என் காலில் சுற்றப் பார்த்தார். பெடலில் மாட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் கையிலிருந்த வேர்க்கடலை முழுவதையும் என் மடியில் கொட்டினார். வண்டியைத் திருப்பிக் கசார்வாடிக்கு விட்டேன். கொட்டகை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஆனாலும் விட்டேன்.